மஸ்கட்டில் இருக்கும் என் கணவர்

மார்ச் 2, ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில். குட்டியானை வண்டி ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டது. இருபத்தெட்டு வயதுக்கு என் சொத்து: கட்டில், மிக்சி, அண்ணன் கழித்துக்கட்டிய ஃபிரிட்ஜ், சீர்ப் பாத்திரம் இரண்டு மூட்டை.

சேலையூர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே. மாடியில் பின்பக்கம், ஓர் அறை, சமையலறை. ஜன்னலுக்கு வெளியே முருங்கை. நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு நடந்தே போய்விடலாம். பிடித்திருக்கிறது.

இதற்கு முன் பார்த்த வீடுகளில் கேட்டவை, மறக்காமல் இருக்க: தனியா பொண்ணா? டைவர்ஸா, யார் மேல தப்பு? கேஸ் முடிஞ்சுதா, இல்ல அந்த ஆள் வந்து கலாட்டா பண்ணுவானா? மேடவாக்கத்தில் ஒருவர் கேட்டைத் திறக்கவே இல்லை. "ஃபேமிலிக்குத்தாம்மா" என்றார். நான் என்ன மரத்திலிருந்து விழுந்தவளா?

இங்கே நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மாப்பிள்ளை மஸ்கட்ல இருக்கார். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்." ஓனரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுத்திருக்கலாம். மறுத்தால் மறுபடி செங்கல்பட்டு, அண்ணன் வீட்டு ஹால், டி.வி. அணைத்த பிறகு தூக்கம், அண்ணன் பார்த்து வைத்திருக்கும் நாற்பத்திரண்டு வயதுத் திண்டிவனத்து மாப்பிள்ளை, "இன்னொசென்ட் டைவர்ஸி". நிற்பதே மேல் என்று நின்றேன்.

ஓனரம்மா (இனி ஓ.அ.) பெயர் விஜயா. கணவர் இல்லை. கீழே முன்பக்கம் தனியாக இருக்கிறார். படிக்கட்டில் கேமரா. போனில் பார்ப்பாராம். ஆண்கள் மேலே வரக் கூடாது. அசைவம் சமைக்கக் கூடாது.

பால் காய்ச்சியதும் மூட்டையை அவிழ்த்தோம். ஓ.அ. ஒரு சொம்பை எடுத்துத் திருப்பிப் படித்தார். "த.ராஜேஷ் - கலைவாணி." கல்யாணத்தின்போது அப்பா கரண்டிவரை விடாமல் வெட்டவைத்த பெயர். சீரைத் திருப்பித் தந்தபோது மகளிர் காவல் நிலையத்தில் தரையில் பரப்பி வைத்துக் கொடுத்தார்கள். பெயரை மட்டும் அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ராஜேஷா? நல்ல பேரு. தினம் பேசுவாரா?"

"பேசுவார்" என்றாள் அம்மா.

மார்ச் 4, செவ்வாய்

மதியம்தான் டியூட்டி. ஃபிரிட்ஜ் கதவு மூடவில்லை. தயிர் புளித்துப்போனது.

இதே வீட்டின் கீழே தெருவைப் பார்த்த ஷட்டர், ஃபிரிட்ஜ் - ஏசி ரிப்பேர் கடை. ஓ.அ.வுக்கு வாடகை தரும் இன்னொரு ஆள். ஹாரூன். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். ஓ.அ. அவரை முன்னால் விட்டுப் பின்னாலேயே ஏறி வந்து வாசலில் காவல் நின்றார். ஹாரூன் கதவு ரப்பரைக் கழற்றி, வெந்நீர் கேட்டு வாங்கி, முக்கி எடுத்து, நீவி மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

வியர்த்து ஊற்றியது அவருக்கு. தண்ணீர் நீட்டினேன்.

"வேணாம் சிஸ்டர்."

மோர் கரைத்து நீட்டினேன்.

"வேணாம் சிஸ்டர்."

"ஏன், எங்க வீட்டுல தண்ணி குடிக்க மாட்டீங்களா?" என்று எகிறிவிட்டேன்.

"நோன்பு சிஸ்டர்."

ஓ.அ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊரில் யார் எந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த புத்தி. அவமானம்.

மார்ச் 5, புதன்

கிளினிக்கில் இன்று எல்லாமே முழங்கால்கள். பிசியோதெரபி படிக்கும்போது யாரும் சொல்லவில்லை, பாதி வேலை கதை கேட்பது என்று. சிட்லபாக்கத்து மாமி காலை என் கையில் கொடுத்துவிட்டு, "உனக்கு எத்தனை குழந்தை?" என்றார். "பத்து தடவை மடக்குங்க" என்றேன்.

நேற்றைய மோருக்குப் பிராயச்சித்தமாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து, ஒரு தூக்கில் போட்டு, மாலை கடையில் கொடுத்தேன். நோன்பு திறக்க. அவர் தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஏனென்று தெரியவில்லை, அது ஞாபகத்தில் நிற்கிறது.

மார்ச் 6, வியாழன்

மாலையில் கீழிருந்து குரல். "சிஸ்டர்! தூக்கு!"

எட்டிப் பார்த்தேன். மூன்றாவது படியில் தூக்கை வைத்துவிட்டு, இறங்கிப்போய் வாசலில் நின்றிருந்தார். உள்ளே நோன்புக் கஞ்சி, சுடச்சுட.

"பாத்திரத்த வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

"சார் மஸ்கட்ல எங்க கீறாரு? நானும் ஷார்ஜால இருந்தவன்தான்."

"எந்த சார்?"

"ராஜேஷ் சாரு. தூக்குல பேரு பாத்தேன். ஓனரம்மாவும் சொன்னாங்க. நேத்து நோன்பு தொறக்க சொல்ல, சாருக்கும் சேத்து துஆ பண்ணேன் சிஸ்டர். வெளிநாட்டுல இருக்கறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது.

என்னை அறைந்து ஒரு காதை ஒரு வாரம் அடைக்கவைத்தவனுக்காக, பகல் முழுதும் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு மனிதர் கையேந்திக் கேட்கிறார். அவன் நன்றாக இருக்க வேண்டுமாம்.

கஞ்சியில் கறி இருந்தது. நான் சமைக்கவில்லையே. குடித்தேன். நன்றாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் மோட்டார் பாதியில் நின்றது, ஓ.அ.விடம் சண்டை, பிறகு சமாதானம்.

தூக்கு மறுபடி கீழே போனது (ரவா கேசரி). மறுபடி மேலே வந்தது, இந்த முறை ஹாரூனின் அம்மாவோடு. ஜைத்தூன் அம்மா. பெண் என்பதால் மூன்றாவது படியைத் தாண்ட அனுமதி உண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு "யா அல்லா".

"கேசரி பண்ண கைய பாக்கலாம்னு வந்தேன்" என்றார். கையைப் பார்ப்பதற்கு முன் நான் அவர் முழங்காலைப் பார்த்தேன். வீக்கம். படுக்கவைத்து, துண்டைச் சுருட்டிக் காலுக்கடியில் வைத்து, அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன்.

"உன் வூட்டுக்காரரு குடுத்து வெச்சவருமா. என் புள்ளைக்கு உன்னாட்டம் ஒரு பொண்ணு பாத்துக் குடேன்."

"பாக்கலாம்மா."

"ரெண்டு எடம் தட்டிப் போச்சு. ஷார்ஜால கம்பெனி மூடிட்டான். ஒத்தப் பையோட வந்து நின்னான். பொண்ணு வூட்ல மறுநாளே போன் எடுக்கல."

கால் அழுத்தும்போது எண்ணச் சொன்னேன். பேச்சு நிற்கட்டும் என்று.

மார்ச் 14, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை, புழுக்கம். வாங்க: பிளீச்சிங் பவுடர், தீப்பெட்டி. காலணி தைக்கக் கொடுக்க வேண்டும்.

இதுவரை படியேறி இறங்கியவை: சுண்டல், கஞ்சி, கேசரி, கஞ்சி, கீரை வடை, சமோசா, புளிச்சோறு, கஞ்சி, மாம்பிஞ்சு. யாரும் நிறுத்த முடியாது. நிறுத்துகிறவர் வீட்டில் தூக்கு வெறுமனே கிடக்கும். அதற்கு இரண்டு வீடும் தயார் இல்லை.

ஒவ்வொரு முறையும் "சாரைக் கேட்டதா சொல்லுங்க சிஸ்டர்." ஒவ்வொரு முறையும் "சொல்றேன்."

சிஸ்டர் என்ற சொல்லை இந்த ஊரில் இறக்குமதி செய்தவனை உதைக்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

ஷட்டர் மூடிக் கிடந்தது. காலையில் பார்த்தேன். கிளினிக்கிலிருந்து எதற்கோ நடுவில் வந்தபோது பார்த்தேன். எதற்கு வந்தேன் என்று வீட்டுக்குள் போய் யோசித்தேன். காரணம் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

மாலை வந்தார். கோவளத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவரின் ஐஸ் பெட்டி ரிப்பேராம். சட்டை முழுக்க மீன் நாற்றம். அவர் வாசலில், நான் மாடிப்படியின் மேலே, நடுவில் ஓ.அ.வின் கேமரா. நோன்பு திறந்து தேநீர் குடித்துக்கொண்டே பேசினார். ஷார்ஜாவிலிருந்து வந்த முதல் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம்.

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல சிஸ்டர். நாம அங்க நின்னுகினு இருக்க சொல்ல நாலு பேரு வந்து பாத்துட்டுப் போறாங்க பாரு, அதான் பேஜாரு."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. வெளிநாட்டுக் கணவனுக்குக் காத்திருக்கும் மனைவிக்கு அது எப்படித் தெரியும்? மூடிக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்: எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. மீன் நாற்றத்தோடு.

மார்ச் 23, ஞாயிறு

வெயில். பேராபத்து.

ஓ.அ.வின் அக்கா மகனுக்கு மஸ்கட்டில் வேலை. அடுத்த வாரம் கிளம்புகிறான். காலையில் ஓ.அ. ஒரு பையோடு மேலே வந்தார். தேன்குழல், வேப்பிலைக்கட்டி, மாவடு. "உன் வீட்டுக்காரருக்கு. என் கையால சுட்டது. நம்பர் குடு, பையன் நேர்ல போய்க் குடுத்துட்டு உனக்கு வீடியோ கால் போடுவான்."

நம்பர் மாறிவிட்டது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அம்மாவுக்குப் போன்.

"பாலைவனத்துல இருக்கார், சிக்னல் இல்லைன்னு சொல்லு."

"பாலைவனத்துக்குத் தேன்குழல் போகாதாம்மா?"

"நக்கல் பண்ணாத. வீடு போச்சுன்னா எங்கடி போவ? அண்ணி இப்பவே தனிக்குடித்தனம்னு நிக்கிறா. உங்கண்ணன் அந்தத் திண்டிவனத்து ஆளுக்கு வாக்குக் குடுத்துடுவான்."

அம்மா பயப்படுவது எனக்காகத்தான். தெரிகிறது. கோபம் குறையவில்லை. ஒரு பெண் கூரைக்குக் கீழே படுப்பதற்கு, இல்லாத ஓர் ஆணின் பெயர் வேண்டியிருக்கிறது. இருக்கிற பெண்ணின் பெயர் போதவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஹாரூனிடம்.

திட்டமில்லை. கிளினிக் போகும் வழியில் அவரே கூப்பிட்டார். "சிஸ்டர், சார் நம்பர் கெடைக்கலியாமே, ஓனரம்மா சொன்னாங்க. மஸ்கட்ல நம்ம பசங்க கீறாங்க. கம்பெனி பேரு மட்டும் சொல்லுங்க. ரெண்டு நாள்ல புட்ச்சிடலாம்."

உண்மையான அக்கறை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ராஜேஷ் மஸ்கட்ல இல்ல. ஆவடியில இருக்கான். வேற கல்யாணம் பண்ணிட்டான். எங்களுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு. வீடு கிடைக்கணும்னு எங்கம்மா சொன்ன பொய்."

அவர் கையில் ஏதோ செம்புக் குழாய். அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இத்தினி நாளா நான் யாருக்கு துஆ பண்ணேன்?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த மூணாவது படிய நான் தாண்டல, ஏன்னு தெரியுமா? கேமராக்கு பயந்து இல்ல. ஊர்ல இல்லாத ஒரு ஆம்பள வூடு, அவரு நம்பி விட்டுட்டுப் போயிருக்காருன்னு. இல்லாத ஆளுக்கு மரியாத குடுக்க வெச்சு, இருக்கறவன வெளில நிக்க வெச்சிட்டீங்க."

வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் போனேன். சிட்லபாக்கத்து மாமியின் காலை வலிக்கும்படி மடக்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

மூன்று நாளாகத் தூக்கு என்னிடம், வெறுமனே. ஹாரூன் ஷட்டரைத் திறக்கிறார், மூடுகிறார். மாடிப் பக்கம் பார்ப்பதில்லை.

யாருக்குச் சொல்லவேண்டுமோ அவருக்குச் சொல்லாமல், யாருக்கு வலிக்குமோ அவருக்குச் சொல்லியிருக்கிறேன். மாலையில் கீழே போனேன். மேஜை மேல் மஸ்கட் பை. டேப் ஒட்டித் தயாராக. சொன்னேன்.

ஓ.அ. பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்கம்மா என் கையைப் பிடிச்சுண்டு சொன்னாங்களேம்மா."

"ஆமா."

"நீயும் பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"இப்படி ஏமாத்தலாமா?"

"உண்மையைச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். "குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "நானும் தனியாத்தான் இருக்கேன். அவர் போனதுலேர்ந்து இந்தத் தெரு என்னென்ன பேசித்துன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அதெல்லாம் கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"அப்ப உங்களை யாரும் வீட்டை விட்டுப் போகச் சொல்லல. உங்க பேர்ல வீடு இருந்தது."

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனா? இல்லை. சரியாகத்தான் பேசினேன்.

ஏப்ரல் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். சண்டை வேண்டாம் என்றார். எழுந்தபோது டேப்பைப் பிரித்துத் தேன்குழலை என்னிடம் நீட்டினார். "உன் வீட்டுக்குன்னு சுட்டது. நீயே சாப்பிடு."

வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் செய்தேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கடை மூடல். தெருவில் அத்தர் வாசனை.

மாலை கீழே ஹாரூன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். கையில் இலைப் பொட்டலம். இறங்கிப் போனேன்.

"அம்மா குடுத்து அனுப்பல. நானா எடுத்தாந்தேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா கீது."

ஓ.அ.விடம் சொன்னதையும் வீடு போனதையும் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏங்க, உங்களுக்கு இன்னா பைத்தியமா? நான் ஏதோ கோவத்துல பேசினேன்னு வூட்ட வுட்டுட்டு வருவீங்களா?"

ஏங்க. சிஸ்டர் போய்விட்டது. இது என்ன உறவு என்று தெரியவில்லை, ஆனால் முன்னேற்றம்.

பிரியாணியைத் தெருவிலேயே நின்று சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஓ.அ.வின் ஜன்னல் திரை அசைந்தது. அசையட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில் கொல்கிறது. பெருங்களத்தூர், இரும்புலியூர், மறுபடி பெருங்களத்தூர். இப்போது எல்லா இடத்திலும் உண்மைதான் சொல்கிறேன். வேகமாக வேலை முடிகிறது. ஒரு நிமிடத்தில் கதவைச் சாத்துகிறார்கள்.

ஹாரூன் வண்டியில் கூட்டிப்போகிறார். இரும்புலியூரில் கூடவே உள்ளே வந்தார். ஓனர் காலி வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர், "தம்பி பேரு?" என்றார். சொன்னார். "ஐயோ, மறந்தே போச்சு பாருங்க, நேத்து ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு." வெளியே வந்த பிறகும் "டு லெட்" பலகை அங்கேயேதான் தொங்கியது. நான் கத்தப் போனேன். ஹாரூன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தார்.

"வுடுங்க. எனக்கு புதுசு இல்ல. இந்தக் கடை புடிக்க நான் எத்தினி வாசல் ஏறி எறங்கினேன்னு உங்களுக்குத் தெரியாது. ஓனரம்மா குடுத்தாங்க. அதுக்கோசரம்தான் அவுங்கள நீங்க திட்டறப்பகூட நான் வாயத் தொறக்கல."

அதன் பிறகு அவர் தெருமுனையிலேயே நிற்பதாக ஏற்பாடு. அவர்தான் சொன்னார். நான் சரி என்றேன். சரி என்றது இன்னும் உறுத்துகிறது. முன்பு இல்லாத ஆளைக் காட்டினேன். இப்போது இருக்கும் ஆளை மறைக்கிறேன்.

ஜைத்தூன் அம்மா முழங்காலுக்கு வருவதில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா வந்தாள். காபி. மின்சாரம் இல்லை. விசிறிக்கொண்டே கேட்டாள், "தெருமுனையில ஒரு பாயோட வண்டியில போறியாமே?"

"பேரு ஹாரூன். கீழ கடை வச்சிருக்கார்."

"மறுபடியுமாடி? ஒரு தடவை பட்டது போதாதா?"

"அது நீங்க பாத்தது. இது நான் பாத்தது."

அழுதாள். நான் விசிறியை வாங்கி விசிறினேன். "அவன் வேற ஆளு, நாம வேற ஆளு" என்றாள். ராஜேஷ் நம் ஆள்தானே அம்மா, ஜாதகம்கூடப் பார்த்தீர்களே என்றேன். காபி டம்ளரைக் கழுவி வைத்தாள். போகும்போது, "மாசக் கடைசியில வீடு கிடைக்கலைன்னா உங்கண்ணன் வண்டி எடுத்துட்டு வருவான்" என்றாள். மிரட்டல் இல்லை. அவளுக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புதன்கிழமை காலி செய்ய வேண்டும். அட்டைப் பெட்டிகள் வாங்கிவிட்டேன். அண்ணன் போன் செய்து, எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டான்.

ராஜகீழ்ப்பாக்கம். ரிட்டையர் ஆன சார், மனைவி. மாடியில் தனி வாசல், இரண்டு பக்கம் ஜன்னல், கிணற்றுத் தண்ணீர். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன், நின்றபடியே, கதவு சாத்துவதற்கு வசதியாக. சாத்தவில்லை. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. எங்க பொண்ணுக்கும் இதேதான் ஆச்சு. அவ பெங்களூர்ல இப்படித்தான் வீடு தேடி அலைஞ்சா."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். சாவியை எடுத்து சார் மேஜை மேல் வைத்தார். "ஒரே ஒரு விஷயம்மா. ஆம்பளைங்க யாரும் வந்து போகக் கூடாது. எங்களுக்கு வயசாச்சு, அக்கம்பக்கத்துப் பேச்சு தாங்காது. மத்தபடி உன் வீடு மாதிரி இருந்துக்கோ."

நல்லவர்கள். அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சாவியைப் பார்த்தேன். அந்தக் காற்றையும். புதன்கிழமையையும் நினைத்தேன்.

"வேண்டாம் சார்" என்றேன்.

"ஏம்மா, வாடகை ஜாஸ்தியா?"

"இல்ல சார். ஒருத்தர் வருவார்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை நானே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்தேன்.

தெருமுனையில் ஹாரூன், வேப்ப நிழலில், வண்டி மேல்.

"கெட்சுதா?"

"கிடைச்சுது. வேணாம்னுட்டேன்."

"ஏங்க! புதன்கெழம காலி பண்ணணும். எதுக்கு வேணாம்னீங்க?"

"நீங்க வரக் கூடாதாம்."

வண்டியின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அதில் அவர் முகம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"முடிச்சூர்ல ஒண்ணு கீதுன்னு ஒருத்தன் சொன்னான்" என்றார் கடைசியில். "ஆனா மழை வந்தா அங்க தண்ணி நிக்கும். முட்டி வரைக்கும்."

"மாடியா?"

"மாடிதான்."

ஏறி உட்கார்ந்தேன்.